ஓல்டு சாரம்: ஆளில்லாத மேட்டுக்கு 2 எம்.பி. எப்படிக் கிடைத்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் நாடாளுமன்ற வரலாற்றைப் புரட்டுகிற யார் கண்ணிலும் ஓல்டு சாரம் என்ற பெயர் படாமல் போகாது. இப்படிப்பட்ட தொகுதிகளை ஒழித்த 1832 சீர்திருத்தச் சட்டம் பற்றிய பாடத்தில் ஒரே ஒரு வரியில் வரும், "வாக்காளர்களே இல்லாத தொகுதி" என்று. அந்த ஒரு வரியோடு விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. இந்தத் தொகுதியை யார் வாங்கினார்கள், யார் விற்றார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் ஜார்ஜ் கோட்டை, நுங்கம்பாக்கம், திருவொற்றியூர் எல்லாம் வந்து நிற்கின்றன. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஓல்டு சாரம் எங்கே இருக்கிறது?

தென் இங்கிலாந்தில், வில்ட்ஷயர் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி). இன்றைய சாலிஸ்பரி நகரத்திலிருந்து வடக்கே சுமார் 2 மைல் போனால் வட்டமான ஒரு மேடு, அதைச் சுற்றி ஆழமான அகழி, உயரமான மண்கரை. இரும்புக் காலத்து மக்கள் எழுப்பிய கரை அது. பின்னாளில் ரோமானியர்கள் வந்தார்கள், அப்புறம் நார்மானியர்கள் வந்து நடுமேட்டில் கோட்டையும் பக்கத்திலேயே பேராலயமும் கட்டினார்கள். ஒரு காலத்தில் இது சாதாரண ஊரே இல்லை. 1086-ல் இங்கிலாந்தை வென்ற முதலாம் வில்லியம் தன் நிலக்கிழார்களை வரவழைத்து விசுவாசப் பிரமாணம் வாங்கிய இடம் இதுதான்.

அவ்வளவு பெரிய ஊர் எப்படிக் காலியானது?

படையெடுப்பும் இல்லை, கொள்ளை நோயும் இல்லை. தண்ணீர்தான் முதல் பிரச்சினை. மேட்டின் மேல் போதுமான தண்ணீர் கிடையாது, காற்று ஓயாமல் அடிக்கும், போதாக்குறைக்குக் கோட்டையில் இருந்த சிப்பாய்களுக்கும் ஆலயத்துக் குருமார்களுக்கும் ஒத்தே போகவில்லை. 1092-ல் பிரதிஷ்டை ஆன பேராலயம் சில நாளிலேயே புயலில் அடிபட்டது. கடைசியில் பிஷப் ரிச்சர்டு புவர் கீழே ஆற்றோரத்துச் சமவெளியில் புதிய பேராலயத்துக்கு 1220-ல் அடிக்கல் நாட்டினார். அதைச் சுற்றி வளர்ந்த ஊர்தான் இன்றைய சாலிஸ்பரி. கோயில் போன பக்கம் சந்தை போனது, சந்தை போன பக்கம் சனமும் போனது. 1331-ல் மூன்றாம் எட்வர்டு அனுமதி கொடுக்க, பழைய பேராலயத்தின் கல்லையே பெயர்த்துக் கொண்டுபோய்ப் புதிய பேராலயத்தின் சுற்றுச்சுவருக்குப் பயன்படுத்தினார்கள். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டையின் கல்லும் போய்விட்டது.

ஆள் போன பிறகும் தொகுதி மட்டும் எப்படி நீடித்தது?

இந்த மேட்டிலிருந்து முதன்முதலில் 2 பேர் நாடாளுமன்றத்துக்குப் போனது 1295-ல், முதலாம் எட்வர்டு காலத்தில். ஊர் அப்போதே கீழே இறங்கிக்கொண்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நடுவில் சில காலம் அழைப்பு வரவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் மறுபடி வந்தது, அதன் பிறகு நிற்கவே இல்லை.

நமக்குப் பழக்கமான தொகுதி மறுசீரமைப்பு என்ற ஏற்பாடே அன்றைய இங்கிலாந்தில் கிடையாது. மக்கள்தொகையைக் கணக்கெடுத்து, எல்லையைத் திருத்தி, இடங்களைக் கூட்டிக் குறைக்கிற அமைப்பு எதுவும் இல்லை. அரசர் ஒரு ஊருக்கு ஒருமுறை உரிமை கொடுத்தால் கொடுத்ததுதான். ஊர் கடலில் மூழ்கினாலும் உரிமை மூழ்காது. இது பேச்சுக்குச் சொல்வது இல்லை, சஃபோக் கடற்கரையில் டன்விச் என்ற ஊரின் பெரும்பகுதியை நிஜமாகவே கடல் கொண்டுபோய்விட்டது, ஆனால் அந்த ஊரும் 1832 வரை 2 பேரை அனுப்பிக்கொண்டே இருந்தது.

அப்படியானால் சாலிஸ்பரியும் ஓல்டு சாரமும் ஒரே தொகுதியா?

இல்லை. இரண்டும் தனித்தனி. கீழே இருந்த சாலிஸ்பரிக்கு 2 எம்.பி., மேலே இருந்த காலி மேட்டுக்கும் 2 எம்.பி. வில்ட்ஷயர் முழுக்கவே இப்படித்தான் குவிந்து கிடந்தது. 16 சிறு நகரத் தொகுதிகளும் கவுண்டிக்கான 2 இடங்களும் சேர்த்து மொத்தம் 34 பேர் அந்த ஒரு கவுண்டியிலிருந்து போனார்கள்.

யார் ஓட்டுப் போட்டார்கள்? யாருமே இல்லை என்கிறார்களே?

"யாருமே இல்லை" என்பது தவறு. குடியிருந்தவர்கள் இல்லை, வாக்காளர்கள் இருந்தார்கள். இந்த வித்தியாசம் புரிந்தால் மீதிக் கதை தானாகப் புரியும்.

இங்கே வாக்குரிமை ஆளுக்கு இல்லை, மனைக்கு. பழைய ஊர் இருந்தபோது குறிப்பிட்ட சில மனைகளை வைத்திருந்தவர்களுக்கு ஓட்டு இருந்தது. வீடு இடிந்து, தெரு மறைந்து, எல்லாம் உழுத நிலமாகிவிட்ட பிறகும் அந்த மனைகளின் பத்திரம் மட்டும் செல்லுபடியானது. நம் ஊரில் ஏரி வறண்டு வயலாகி நூறு வருஷம் ஆன பிறகும் ஆவணத்தில் ஏரி என்றே இருக்குமே, அந்த மாதிரி. மொத்த மனைகளையும் ஒரே ஆள் வாங்கி வைத்துக்கொண்டால் தொகுதியே அவருடையது. தேர்தலுக்கு முன்னால் தனக்கு வேண்டியவர்கள் சிலர் பெயருக்கு மனைகளை எழுதிக் கொடுப்பார், அவர்கள் வந்து அவர் சொன்ன ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள், அவ்வளவுதான். 18-ஆம் நூற்றாண்டில் வாக்காளர் எண்ணிக்கையை 7 என்று சொல்வார்கள், 1831-ல் நடந்த கடைசித் தேர்தலின்போது 11. அந்த 11 பேரில் ஒருவர்கூட அங்கே வசிக்கவில்லை.

போட்டியும் அநேகமாக இருக்காது. எதிர்த்து நிற்க யாருக்கு என்ன லாபம்?

தேர்தல் நாளன்று அங்கே என்னதான் நடக்கும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1802 தேர்தல் எப்படி நடந்தது என்ற வர்ணனை நமக்குக் கிடைத்திருக்கிறது, அதை வைத்தே சொல்கிறேன்.

தானியம் விளைந்து நிற்கிற ஒரு வயல். பழைய ஊரின் எல்லை இதுதான் என்று காட்டுகிற ஒரு மரம். அந்த மரத்தடியில் தற்காலிகமாக ஒரு கொட்டகை போட்டிருக்கிறார்கள். வாக்காளர்கள் 5 பேர் வந்திருக்கிறார்கள். தொகுதியின் பெயிலிஃப், அதாவது தேர்தலை நடத்துகிற அதிகாரி, எழுந்து அரசாங்க உத்தரவை வாசிக்கிறார். வாக்காளர்கள் வரலாம் என்று மூன்று முறை உரக்க அறிவிக்கிறார்கள். யாருக்கு அறிவிக்கிறார்கள் என்று கேட்கக் கூடாது, சட்டம் அப்படி. அப்புறம் தேர்தலில் லஞ்சம் கொடுப்பதைத் தடை செய்கிற சட்டத்தை முழுசாக வாசிக்கிறார்கள். பிறகு ஒரு பாதிரியார் நிக்கோலஸ் வான்சிட்டார்ட், ஹென்றி அலெக்ஸாண்டர் என்ற 2 பேரை முன்மொழிகிறார். வேறு யாரும் முன்மொழியப்படவில்லை. முடிந்தது.

தொகுதியே காசுக்குக் கைமாறிய அதே வருஷத்தில், அந்தத் தொகுதியின் மரத்தடியிலேயே லஞ்சத் தடைச் சட்டத்தை வரி விடாமல் வாசித்திருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு வாக்காளரிடம் அஞ்சு பவுண்டு நீட்டினால் குற்றம், எல்லா வாக்குகளையும் மொத்தமாக விலைக்கு வாங்கினால் சொத்துப் பரிமாற்றம்.

இதற்கும் சென்னைக்கும் என்ன சம்பந்தம்?

தாமஸ் பிட். 1653-ல் டார்செட்டில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். இருபது வயது தாண்டியதும் கப்பலேறி ஒரிசாக் கடற்கரையில் பாலாசோருக்கு வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லாமலே வியாபாரம் செய்தார். கம்பெனிக்கு இவரைக் கண்டால் ஆகாது. பல வருஷம் துரத்திப் பார்த்தும் அடக்க முடியாமல், கடைசியில் இவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1698-ல் சென்னை ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக வந்து 1709 வரை இருந்தார்.

சென்னை வரலாற்றில் இவர் காலம் சின்னது இல்லை. 1702-ல் முகலாயத் தளபதி தாவூத் கான் கோட்டையை முற்றுகையிட்டுப் பல வாரம் வழியடைத்து உட்கார்ந்தது இவர் காலத்தில்தான். 1707-ல் கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கருப்பர் நகரத்துத் தெருக்களில் வலங்கை, இடங்கைச் சாதியாரிடையே பெரிய கலவரம் வந்ததும் இவர் காலத்தில்தான். 1708-ல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு என்ற 5 கிராமங்களைத் தாவூத் கானிடமிருந்து கம்பெனிக்குப் பெற்றுக் கொடுத்தவரும் இவரே. சென்னையின் பழைய வரைபடங்களில் பேர்பெற்ற ஒன்று இன்றும் இவர் பெயரால்தான் குறிப்பிடப்படுகிறது.

இந்த மனிதர்தான் ஓல்டு சாரத்தின் சொந்தக்காரர்.

சென்னையில் சம்பாதித்த பணத்தில்தான் தொகுதியை வாங்கினாரா?

பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் வருஷம் இடிக்கிறது. அவர் ஓல்டு சாரத்தை சாலிஸ்பரி பிரபுவின் குடும்பத்திடமிருந்து வாங்கியது 1691-ல். சென்னைக்கு கவர்னராக வந்தது 1698-ல். அதனால் தொகுதி வாங்கிய பணம் அதற்கு முந்தைய கிழக்கத்திய வியாபாரத்தில் வந்தது. 1695-லேயே தன் சொந்தத் தொகுதியிலிருந்து தானே எம்.பி. ஆகிவிட்டார்.

சென்னையில் இருந்தபோது தொகுதியைக் கைவிடவில்லை. 1705-ல் அவருடைய மூத்த மகன் ராபர்ட் பிட் அங்கிருந்து எம்.பி. ஆனார். 1709-ல் பதவி போய் ஊர் திரும்பியதும், 1710-ல் தந்தையே மறுபடி அந்த இடத்தில் உட்கார்ந்தார். மேட்டின் அடிவாரத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு சப் காசில் என்ற சின்ன கிராமம் இருக்கிறது. அங்குள்ள தேவாலயக் கோபுரத்தில் தாமஸ் பிட் என்ற பெயரும் 1711 என்ற வருஷமும் பொறித்திருப்பதை இன்றும் பார்க்கலாம், கோபுரத்துக்குச் செலவழித்தவர் அவர்.

அந்த வைரக் கதை உண்மையா?

அடிப்படை உண்மை. கோல்கொண்டா பக்கத்துச் சுரங்கத்தில் கிடைத்த, பட்டை தீட்டாத நிலையில் சுமார் 410 காரட் இருந்த கல். சென்னையில் ஜாம்சந்த் என்ற வைர வியாபாரியிடம் நீண்ட பேரத்துக்குப் பிறகு பிட் அதை 48,000 வராகனுக்கு (அன்றைய தங்க நாணயம்) வாங்கினார். இங்கிலாந்துப் பணத்தில் 20,400 பவுண்டு. 1702-ல் மகன் ராபர்ட் அதை லண்டனுக்குக் கொண்டுபோனார். (செருப்புக் குதிகாலில் ஒளித்துக் கொண்டுபோனார் என்பது கதைக்குச் சுவை சேர்க்கச் சொல்வது.) பட்டை தீட்டியதும் சுமார் 140 காரட். 1717-ல் பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஆர்லியன்ஸ் கோமகன் 135,000 பவுண்டுக்கு வாங்கினார், இன்று அது பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒரு கவர்னரின் கம்பெனிச் சம்பளத்தில் இது எதுவும் சாத்தியமில்லை. சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்துகொள்ள இடம் இருந்தது, உண்மையான வருமானம் அதில்தான். அந்த வருமானம் கார்ன்வாலில் பொகொனாக் என்ற எஸ்டேட் ஆனது, இன்னும் சில தொகுதிகளில் செல்வாக்கும் ஆனது.

பிட் என்ற பெயரில் எத்தனை பேர்? ஒரே குழப்பமாக இருக்கிறதே?

குழப்பம் வருவது இயல்புதான். சென்னை கவர்னர் தாமஸ் பிட், "வைர பிட்" என்பார்கள். அவர் மகன் ராபர்ட். ராபர்ட்டின் மூத்த மகன் இன்னொரு தாமஸ், இளைய மகன் வில்லியம். இந்த வில்லியம்தான் ஏழாண்டுப் போரை நடத்திய மூத்த பிட், பின்னாளில் சாத்தம் பிரபு. அவருடைய மகன் 24 வயதில் பிரதமரான இளைய பிட். மூத்த வழியில் பேரன் தாமஸின் மகன், அவரும் தாமஸ்தான், முதலாம் கேமல்ஃபோர்டு பிரபு ஆனார். அவருடைய மகன் இரண்டாம் கேமல்ஃபோர்டு பிரபு. தொகுதி 1691-லிருந்து 1802 வரை, 111 வருஷம், இந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது.

மூத்த பிட் அங்கே எப்படி எம்.பி. ஆனார்?

அண்ணன் தயவில். 1734 தேர்தலில் அண்ணன் தாமஸ் 2 தொகுதிகளில் தேர்வானார், ஓக்ஹாம்ப்டனிலும் ஓல்டு சாரத்திலும். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்பதால் ஓல்டு சாரத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தார். 1735 பிப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலில் வில்லியம் எம்.பி. ஆகி, 1747 வரை அந்த இடத்தில் இருந்தார். பிரதமர் வால்போலை எதிர்த்து அவர் புகழ்பெற்ற பேச்சுகளையெல்லாம் பேசியது, ஆடு மேய்கிற ஒரு மேட்டின் பிரதிநிதியாகத்தான்.

அதே மனிதர் 1766-ல் பாத் நகரத்தின் எம்.பி.யாக அமெரிக்காவுக்கு வரி போடுவதை எதிர்த்துப் பேசும்போது, இந்த மாதிரித் தொகுதிகளை அரசமைப்பின் அழுகிய பாகம் என்றார். இது ஒரு நூற்றாண்டு தாங்காது, தானாக உதிராவிட்டால் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்றார். கணிப்பு பலித்தது, 66 வருஷத்தில் வெட்டி எடுத்தார்கள்.

1770-ல் பிரபுக்கள் சபையில் இன்னொன்றும் சொன்னார். ஆசியாவின் செல்வம் நம் மேல் வந்து கொட்டுகிறது, அந்நியத் தங்கத்தைக் கொண்டுவந்து இறக்கியவர்கள் நாடாளுமன்றத்துக்குள் முண்டியடித்து நுழைகிறார்கள், பரம்பரைச் சொத்து எதுவும் அவர்களோடு போட்டி போட முடியவில்லை என்று. சொன்னது அத்தனையும் நிஜம். ஆனால் அவர் அரசியலுக்குள் நுழைந்த கதவு தாத்தா கிழக்கத்தியப் பணத்தில் வாங்கிப் போட்டது. அவருடைய திறமையை மதிக்கிறேன், இந்தப் பேச்சை மட்டும் அவர் வாயிலிருந்து ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஆற்காடு நவாப் கடனுக்கும் இந்த மாதிரித் தொகுதிகளுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

ஓல்டு சாரத்துக்கு நேரடியாக இல்லை, ஆனால் விஷயம் ஒன்றுதான். சென்னையில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்துகொண்டே ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்குக் கொள்ளை வட்டிக்குக் கடன் கொடுத்தவர்களில் பெரிய புள்ளி பால் பென்ஃபீல்டு. அந்தக் கடனுக்கு ஈடாகக் கர்நாடகத்து மாவட்டங்களின் வரி வசூலை எழுதி வாங்கினார்கள், விவசாயி கொடுத்த வரி கடன்காரர்கள் கைக்குப் போனது. அந்தப் பணத்தில் பென்ஃபீல்டு இங்கிலாந்தில் தொகுதிகளைப் பிடித்தார், 1780-ல் அவரே வில்ட்ஷயரில் உள்ள கிரிக்லேடுக்கு எம்.பி. ஆனார். 1785 பிப்ரவரியில் எட்மண்டு பர்க் என்ற எம்.பி. இந்தக் கடன் பற்றிப் பேசியபோது, பென்ஃபீல்டு தன்னையும் சேர்த்து 8 எம்.பி.க்களை உருவாக்கியிருக்கிறார் என்று சபையிலேயே குற்றம் சாட்டினார்.

தஞ்சாவூர், ஆற்காட்டு வயல்களில் விளைந்தது வில்ட்ஷயரில் நாடாளுமன்ற இடமாக மாறியது என்பது இதனால்தான். அந்த நாடாளுமன்றம்தான் கம்பெனியை எப்படிக் கட்டுப்படுத்தலாம் என்று முடிவும் செய்தது.

ஹார்ன் டூக் விவகாரம் என்ன?

ஜான் ஹார்ன் டூக் தீவிர சீர்திருத்தவாதி. 1794-ல் தேசத்துரோக வழக்கில் நின்று விடுதலையானவர். 1801-ல் இரண்டாம் கேமல்ஃபோர்டு பிரபு அவரை ஓல்டு சாரத்திலிருந்து எம்.பி. ஆக்கினார். நாட்டிலேயே மோசமான தொகுதி வழியாக, அப்படிப்பட்ட தொகுதிகளே கூடாது என்று சொல்கிறவர் உள்ளே வந்துவிட்டார். அவர் ஒரு காலத்தில் பாதிரியாராகப் பட்டம் பெற்றவர் என்பதைப் பிடித்துக்கொண்டு எதிரிகள் கிளம்பினார்கள், குருமார் எம்.பி. ஆகக்கூடாது என்று அந்த வருஷமே சட்டம் வந்தது. இருக்கிற நாடாளுமன்றம் கலையும் வரை மட்டும் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

பிட் குடும்பத்துக்குப் பிறகு யார் கைக்குப் போனது?

1802-ல் கேமல்ஃபோர்டு இதை 60,000 பவுண்டுக்கு அயர்லாந்துப் பிரபு கேலிடனுக்கு விற்றார். (விற்ற 2 வருஷத்தில் கேமல்ஃபோர்டு ஒரு துப்பாக்கிச் சண்டையில் செத்துப்போனார்.) மேய்ச்சல் நிலத்துக்கு யாரும் அந்த விலை கொடுக்க மாட்டார்கள், 2 எம்.பி. இடத்துக்கான விலை அது.

இங்கேயும் சென்னை வருகிறது. கேலிடன் குடும்பத்தின் சொத்தைச் சேர்த்த ஜேம்ஸ் அலெக்ஸாண்டர் கம்பெனி உத்தியோகத்தில் இந்தியாவில் பணம் பண்ணியவர். அவர் தங்கையை மணந்தவர் ஜோசையாஸ் டு ப்ரே, 1770 முதல் 1773 வரை சென்னை கவர்னர். அந்தப் பெயரையே குடும்பத்தில் வைத்துக்கொண்டார்கள். தொகுதியை வாங்கிய இரண்டாம் கேலிடன் பிரபுவின் பெயர் டு ப்ரே அலெக்ஸாண்டர். 1820-ல் ஓல்டு சாரத்துக்கு எம்.பி. ஆன உறவினர் பெயர் ஜோசையாஸ் டு ப்ரே அலெக்ஸாண்டர், இவர் கம்பெனியின் இயக்குநரும்கூட. இவரும் ஜேம்ஸ் அலெக்ஸாண்டர் என்ற மற்றொரு உறவினரும்தான் தொகுதியின் கடைசி எம்.பி.க்கள். ஆக, 1691-ல் ஒரு கிழக்கத்திய வியாபாரி வாங்கியதை, கடைசியில் ஒரு கம்பெனி இயக்குநர் அங்கே எம்.பி.யாக இருக்கும்போது சட்டம் வந்து எடுத்துக்கொண்டது.

1802-ல் மரத்தடியில் தேர்வான வான்சிட்டார்ட் பின்னால் 10 வருஷத்துக்கு மேல் நிதியமைச்சராக இருந்தார். அவர் அப்பா ஹென்றி வான்சிட்டார்ட் வங்காள கவர்னராக இருந்தவர்.

இதை நியாயப்படுத்தியவர்கள் உண்டா?

நிறைய. திறமைசாலி இளைஞர்கள் கூட்டத்திடம் கையேந்தாமல் சபைக்குள் வர இதுவே வழி என்றார்கள், உதாரணத்துக்கு மூத்த பிட்டையே காட்டினார்கள். மான்செஸ்டருக்குத் தனி எம்.பி. இல்லாவிட்டால் என்ன, எல்லா எம்.பி.யும் எல்லாருக்கும் பொதுதானே என்றார்கள். 1830 நவம்பரில் பிரதமர் வெலிங்டன், இருக்கிற முறையைவிடச் சிறந்ததை மனிதனால் உருவாக்கவே முடியாது என்கிற அளவுக்குப் பேசினார். இரண்டு வாரத்தில் ஆட்சி போனது.

திறமைசாலிகள் வந்தார்கள் என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்த மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் ஒரு இடம்கூட இல்லாதபோது, அந்த வாதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எப்படி ஒழிந்தது?

1832-க்கு முன்பே ஒரு முயற்சி நடந்தது. 1785-ல் பிரதமராக இருந்த இளைய பிட், 36 சிறு தொகுதிகளின் சொந்தக்காரர்களுக்கு 10 லட்சம் பவுண்டு நிதியிலிருந்து இழப்பீடு கொடுத்து அவற்றை எடுத்துவிடலாம் என்று மசோதா கொண்டுவந்தார். 174-க்கு 248 என்று தோற்றது.

1831 மார்ச் 1-ஆம் தேதி லார்டு ஜான் ரஸ்ஸல் அரசாங்கத்தின் சார்பில் புதிய சீர்திருத்த மசோதாவை அறிமுகப்படுத்தினார். வெளிநாட்டுக்காரர் ஒருவரை ஒரு பாழடைந்த மேட்டுக்குக் கூட்டிப்போய், இந்த மேடு 2 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்புகிறது என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார் என்று கேட்டார். எந்த மேடு என்று சபையில் எல்லாருக்கும் தெரியும். மார்ச் 22-ஆம் தேதி இரண்டாம் வாசிப்பில் 302-க்கு 301, ஒரே ஒரு ஓட்டில் தப்பியது. பிறகு குழு நிலையில் அடிபட்டு, நாடாளுமன்றம் கலைந்து, தேர்தல் நடந்து, மறுபடி கொண்டுவந்தார்கள். அக்டோபரில் பிரபுக்கள் சபை தள்ளுபடி செய்தது. நாட்டிங்காமிலும் பிரிஸ்டலிலும் கலவரம் வெடித்தது. 1832 மே மாதம் முழுக்க நாடே கொதித்தது. ஜூன் 7-ஆம் தேதி அரசர் ஒப்புதல் கொடுத்தார். முழுவதுமாக நீக்கப்பட்ட 56 தொகுதிகளில் ஓல்டு சாரமும் ஒன்று. மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ், ஷெஃபீல்டு ஒவ்வொன்றுக்கும் 2 இடம் கிடைத்தது.

கேலிடன் பிரபுவுக்கு நஷ்ட ஈடு கொடுத்தார்களா?

பத்துக் காசுகூடக் கொடுக்கவில்லை, அது முக்கியமான விஷயம். அயர்லாந்து நாடாளுமன்றத்தை 1800-ல் கலைத்தபோது, ஒழிக்கப்பட்ட ஒவ்வொரு தொகுதிக்கும் அதன் சொந்தக்காரருக்கு 15,000 பவுண்டு கொடுத்தார்கள். அதாவது தொகுதி ஒரு சொத்து என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது. 1832-ல் அப்படி ஒப்புக்கொள்ள மறுத்தார்கள். 60,000 பவுண்டு போட்டவருக்கு 30 வருஷம் அனுபவித்ததோடு சரி. என்னைக் கேட்டால் அந்தச் சட்டத்தின் உண்மையான துணிச்சல் இதில்தான் இருக்கிறது.

1832-க்குப் பிறகு எல்லாருக்கும் ஓட்டு வந்துவிட்டதா?

வரவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயது வந்த ஆண்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குத்தான் வந்தது. பெண்களை அந்தச் சட்டமே வெளிப்படையாக விலக்கியது. ரகசிய வாக்கு 1872-ல், பெண்களில் ஒரு பகுதிக்கு 1918-ல், ஆணுக்குச் சமமாக 1928-ல்.

இப்போது போனால் பார்க்க என்ன இருக்கிறது?

இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு பராமரிக்கிறது. அகழி, நடுமேட்டில் கோட்டைச் சுவரின் மிச்சம், புல்வெளியில் பழைய பேராலயத்தின் அடித்தள வடிவம். தெற்கே பார்த்தால் சாலிஸ்பரி பேராலயத்தின் 123 மீட்டர் கோபுரம் தெரியும். தேர்தல் நடந்த மரம் இன்று இல்லை. நேரம் இருந்தால் கீழே ஸ்ட்ராட்ஃபோர்டு சப் காசில் தேவாலயத்துக்கும் போய் பிட்டின் பெயர் பொறித்த கோபுரத்தைப் பாருங்கள். சென்னைக்காரர்கள் கட்டாயம் போக வேண்டிய இடம், அங்கே வருகிறவர்களில் பலருக்கு அந்தப் பெயருக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் உள்ள தொடர்பு தெரிந்திருக்காது.